சோதனையில் தேறினால் போதுமா?

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்கு ஏறும் பேருந்து, கல்லாறு தாண்டியதும் 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். பிரேக் தேய்ந்திருந்தால் கழற்றிப் பார்த்துச் சொல்லிவிடலாம். மென்பொருள் தேயாது. அதிலுள்ள பிழை எழுதிய நாளிலிருந்தே உள்ளே இருக்கும். தனக்கான சூழ்நிலை வரும்வரை தலைகாட்டாது. உயிரைக் காக்கும் மென்பொருளுக்கு நம்பகச் சான்று தருவது இதனால்தான் கடினம்.

திருவனந்தபுரம் மாவட்டமே அதைப் பட்டு அறிந்தது. தும்பாவிலுள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் உருவாக்கிய பி.எஸ்.எல்.வி. ராக்கெட், 1993 செப்டம்பர் 20 அன்று முதன்முதலாகப் பறந்தது. இரண்டாம் கட்டம் பிரிந்தபோது ராக்கெட் எதிர்பாராத அளவுக்கு ஆடியது. அதை நிமிர்த்தும் கட்டளையின் மதிப்பு, நிரலில் வகுத்த எல்லையை மீறியது. ராக்கெட் கடலில் விழுந்தது.

1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட்டுக்கும் இதே போன்ற கதிதான். ஏரியான் 4-இல் குறையின்றி ஓடிய நிரலை அப்படியே எடுத்து வைத்தார்கள். புதிய ராக்கெட்டின் வேகம் அதிகம். அதைக் குறிக்கும் எண் 16 பிட் இடத்தில் அடங்கவில்லை. மாற்றுக் கணினியிலும் அதே நிரல் என்பதால் அதுவும் கைவிட்டது.

நிறையச் சோதித்தால் தீராதா? பயணிகள் விமானத்தில் பேரழிவு தரும் கோளாறு 100 கோடி மணி நேரத்துக்கு ஒன்றைத் தாண்டக் கூடாது என்பது இலக்கு. ஓட்டிப் பார்த்தே அதை நிரூபிக்க ஒரு கணினிக்கு ஏறத்தாழ 1,14,000 ஆண்டுகள் வேண்டும்.

அதனால் சான்று தருவோர் சோதனை முடிவோடு நிற்பதில்லை. விமான மென்பொருளுக்கான டி.ஓ.-178சி நெறி, ஒவ்வொரு தேவையும் நிரலின் எந்த வரியில் நிறைவேறுகிறது என்று காட்டச் சொல்கிறது. மிக ஆபத்தான பகுதிகளில், எழுதியவர் அல்லாத வேறொருவர் சரிபார்த்தாக வேண்டும்.

கோளாறு வரும்போது நிரல் என்ன செய்கிறது என்பதும் முக்கியம். 2023 அக்டோபர் 21 அன்று, மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தின் சோதனை ராக்கெட் கிளம்ப 5 விநாடி இருக்கையில், எஞ்சின் கண்காணிப்பில் முரண் கண்ட கணினி ஏவுதலைத் தானே நிறுத்தியது. காரணத்தைக் கண்டு சரிசெய்து, அன்று காலை 10 மணிக்கே ஏவினார்கள். சந்தேகம் வந்தால் நிற்கத் தெரிந்த நிரலே நம்பத் தகுந்தது.

ஆகவே “சோதித்தீர்களா?” என்பதோடு விடாதீர்கள். எதையெல்லாம் நடக்காது என்று நினைத்து எழுதினீர்கள், அது நடந்துவிட்டால் நிரல் என்ன செய்யும் என்று கேளுங்கள். இதற்கு எழுத்தில் பதில் இருந்தால்தான் அது சான்று.