சபையில் பேசிய பேச்சை அழிக்கலாமா?

"சபைக் குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது!"

பத்திரிகை படிப்பவர்களுக்கு இது பழகிப்போன வாசகம். பார்லிமெண்டிலோ சட்டசபையிலோ ஓர் அங்கத்தினர் காரசாரமாகப் பேசுகிறார். எதிர்வரிசையில் கூச்சல் கிளம்புகிறது. சபாநாயகர் எழுந்து, அந்த வார்த்தைகளை நீக்கும்படி உத்தரவிடுகிறார். பின்னர் அச்சாகி வரும் நடவடிக்கைக் குறிப்பைப் புரட்டினால், அந்த இடத்தில் சில நட்சத்திரக் குறிகள் மட்டுமே இருக்கின்றன.

வில்லை விட்ட அம்பும் வாயை விட்ட சொல்லும் திரும்பாது என்பது நம் பெரியோர் அனுபவத்தில் கண்ட உண்மை. அப்படியிருக்க, ஊரே கேட்ட பேச்சை ஏட்டிலிருந்து அழிப்பது நியாயமா? நியாயம்தான் என்றால், அழிக்கும் உரிமை யாருக்கு இருக்க வேண்டும்? பேசியவருக்கா? பெரும்பான்மைக் கட்சிக்கா? சபாநாயகருக்கா?

இந்தக் கேள்வி இன்று நேற்று எழுந்ததல்ல. 400 ஆண்டுகளுக்கு முன்பே இதற்காக ஒரு மன்னரும் ஒரு பார்லிமெண்டும் மோதிக்கொண்டதுண்டு.

தாளைக் கிழித்த மன்னர்

இங்கிலாந்தில் முதலாம் ஜேம்ஸ் மன்னர் ஆண்டுகொண்டிருந்த காலம். இளவரசர் சார்லசுக்கு ஸ்பெயின் நாட்டு ராஜகுமாரியை மணமுடித்து வைக்க மன்னர் ஏற்பாடு செய்து வந்தார். காமன்ஸ் சபைக்கு இது பிடிக்கவில்லை. அங்கத்தினர்கள் எதிர்த்துப் பேசினார்கள். ராஜாங்க விஷயங்களில் தலையிட அவர்களுக்கு உரிமை கிடையாது என்று மன்னர் கண்டித்தார்.

சபை பணியவில்லை. நாட்டு விவகாரங்களைப் பற்றித் தாராளமாகப் பேசுவது தங்கள் பிறப்புரிமை என்று 1621-ம் ஆண்டு டிசம்பர் 18-ந் தேதி ஒரு பிரகடனம் செய்து, அதைத் தன் பதிவேட்டிலும் எழுதிக்கொண்டது.

மன்னருக்குக் கோபம் தலைக்கேறியது. பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். டிசம்பர் 30-ந் தேதி, தம் ஆலோசகர்கள் முன்னிலையில், அந்தத் தாளைத் தம் கையாலேயே கிழித்தெறிந்தார். அடுத்த மாதமே பார்லிமெண்டு கலைக்கப்பட்டது. எட்வர்டு கோக் என்ற சட்ட மேதை சிறையில் அடைக்கப்பட்டார்.

தாள் போயிற்று. பிரகடனம் போயிற்றா? இல்லை. அதன் வாசகம் தப்பிப் பிழைத்தது. கிழிபடாமல் இருந்திருந்தால் ஆராய்ச்சியாளர் மட்டுமே அறிந்திருப்பார்கள். மன்னர் கிழித்ததாலேயே அது சரித்திரத்தில் நிலைத்துவிட்டது!

கறுப்பு மசியில் ஒரு கட்டம்

மன்னர் கையில் அந்த அதிகாரம் இருந்தால் ஆபத்து என்பது தெளிவு. சபையின் பெரும்பான்மைக் கட்சியிடம் இருந்தால்?

அமெரிக்காவில் இதற்கு ஒரு ருசிகரமான உதாரணம் உண்டு. அந்நாட்டின் ஜனாதிபதியாக இருந்த ஆண்ட்ரூ ஜாக்சன், சர்க்கார் பணத்தை அங்கிருந்த தேசிய பாங்கியிலிருந்து எடுக்கச் செய்தார். செனட் சபையில் அப்போது அவருடைய எதிர்ப்பாளர்களின் கை ஓங்கியிருந்தது. 1834-ம் ஆண்டு மார்ச் 28-ந் தேதி, ஜனாதிபதி அதிகார வரம்பை மீறிவிட்டார் என்று கண்டனத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். ஆதரவு 26 ஓட்டு. எதிர்ப்பு 20 ஓட்டு.

ஜாக்சனின் நண்பரான செனட்டர் தாமஸ் பெண்டன் இதைப் பொறுக்கவில்லை. அந்தத் தீர்மானத்தைப் பதிவேட்டிலிருந்தே நீக்க வேண்டும் என்று மீண்டும் மீண்டும் பிரேரணை கொண்டுவந்தார். தேர்தல்கள் வந்தன. கட்சி பலம் மாறியது. 1837-ம் ஆண்டு ஜனவரி 16-ந் தேதி இரவு, 24 ஓட்டுக்கு 19 ஓட்டு என்ற கணக்கில் பெண்டன் வெற்றி பெற்றார். விவாதம் நீண்டு தம் கட்சியார் பசியால் கலைந்துவிடக் கூடாது என்று, பக்கத்து அறையில் இறைச்சியும் காப்பியும் ஒயினும் தயாராக வைத்திருந்தாராம் அந்தக் கெட்டிக்காரர்!

பழைய பதிவேடு சபைக்குக் கொண்டுவரப்பட்டது. காரியதரிசி அந்தத் தீர்மானத்தைச் சுற்றி மசியால் கறுப்புக் கட்டம் போட்டார். சபையின் உத்தரவுப்படி நீக்கப்பட்டது என்று தேதியுடன் குறுக்கே எழுதினார்.

எதிர்த்தவர்கள் எடுத்துச் சொன்ன வாதம் கவனிக்கத் தக்கது. ஒவ்வொரு சபையும் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க அரசியல் சட்டத்தின் கட்டளை. வைத்திருப்பது என்றால் காப்பாற்றுவது என்றுதானே பொருள்? இன்றைய பெரும்பான்மை நேற்றைய பதிவை அழித்தால், நாளைய பெரும்பான்மை இன்றைய பதிவை அழிக்காதா?

காணாமற்போனவரின் பேச்சு

சரி, மன்னரும் வேண்டாம், பெரும்பான்மையும் வேண்டாம். பேசியவரிடமே உரிமையைக் கொடுத்துவிட்டால் என்ன? அவர் சொல், அவர் பாடு!

இந்தச் சோதனையும் அமெரிக்காவிலேயே நடந்தது. அங்கே அங்கத்தினர்கள் தங்கள் பேச்சைத் திருத்தியும் விரித்தும் அச்சுக்கு அனுப்பும் சலுகை நெடுங்காலம் இருந்தது. வாயால் பேசாததையும் பேசியதுபோல் சேர்க்க முடிந்தது.

அதன் விபரீதம் 1972-ம் ஆண்டு அம்பலமாயிற்று. பிரதிநிதிகள் சபையின் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் ஹேல் பாக்ஸ் சென்ற விமானம், அக்டோபர் 16-ந் தேதி அலாஸ்காவில் காணாமற்போனது. நாடே அவரைத் தேடிக்கொண்டிருந்தது. ஆனால் அக்டோபர் 18-ந் தேதியிட்ட சபைப் பதிவேட்டில், அன்று அவர் சபையில் பேசியது போல ஒரு பேச்சு அச்சாகியிருந்தது! அவர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்த பேச்சு அது.

பேசாத பேச்சுகளுக்கு அடையாளக் குறி போடும் வழக்கம் 1978-ம் ஆண்டு வந்தது. 1995-ம் ஆண்டு பிரதிநிதிகள் சபை விதியை இன்னும் இறுக்கியது. பேசியது பேசியபடியே வர வேண்டும். இலக்கணப் பிழை, அச்சுப் பிழை போன்றவற்றை மட்டுமே திருத்தலாம் என்று ஆயிற்று.

பேசியவரே அழிப்பதில் இன்னொரு அநியாயமும் உண்டு. விவாதம் ஒருவர் சொத்து அல்ல. ஒருவர் குற்றம் சாட்டுகிறார். மற்றவர் பதில் சொல்கிறார். மூன்றாமவர் சமாதானம் பேசுகிறார். முதல்வர் மட்டும் தம் பேச்சை உருவிக்கொண்டு போய்விட்டால், பதில் சொன்னவர் கதி என்ன? சுவரோடு சண்டை போட்ட பைத்தியக்காரர் போல் அல்லவா அவர் ஏட்டில் நிற்பார்!

பிரிட்டிஷ் பார்லிமெண்டு இதற்கு ஓர் எளிய வழி வைத்திருக்கிறது. தகாத வார்த்தை பேசியவரை, அதை வாபஸ் வாங்கும்படி சபாநாயகர் சொல்வார். அவர் வாபஸ் வாங்குவார். ஆனால் நடவடிக்கைக் குறிப்பில் பேசிய வார்த்தையும் இருக்கும். வாபஸ் வாங்கியதும் இருக்கும். படிப்பவர் இரண்டையும் பார்த்துக்கொள்ளலாம்.

நம் நாட்டு விதி

இந்தியாவில் அழிக்கும் அதிகாரம் சபாநாயகரிடம் இருக்கிறது. லோக்சபை விதிகளில் 380-வது விதி இதைச் சொல்கிறது. அவதூறான வார்த்தை, ஆபாசமான வார்த்தை, பார்லிமெண்டு மரபுக்கு ஒவ்வாத வார்த்தை, கண்ணியக் குறைவான வார்த்தை — இந்த நான்கையும் சபாநாயகர் நீக்கச் சொல்லலாம். நீக்கிய இடத்தில் நட்சத்திரக் குறி போட்டு, சபாநாயகர் உத்தரவுப்படி நீக்கப்பட்டது என்று அடிக்குறிப்பும் தர வேண்டும் என்கிறது அடுத்த விதி.

இந்த அதிகாரத்துக்கு ஒரு நல்ல காரணம் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 105-வது பிரிவின்படி, பார்லிமெண்டில் பேசிய பேச்சுக்காக அங்கத்தினர்மீது எந்தக் கோர்ட்டிலும் வழக்குப் போட முடியாது. சட்டசபைகளுக்கு 194-வது பிரிவு அதே பாதுகாப்பை அளிக்கிறது. பயமில்லாமல் பேச இது அவசியம். ஆனால் சபையில் இல்லாத ஓர் ஏழை உத்தியோகஸ்தரையோ, ஒரு குடும்பப் பெண்ணையோ யாராவது அபாண்டமாகப் பழித்தால்? அவர்கள் சபைக்குள் வந்து பதில் சொல்ல முடியாது. கோர்ட்டுக்கும் போக முடியாது. அந்தப் பழி அழியாத ஏட்டில் ஏறாமல் தடுக்க சபாநாயகரின் பேனாவைத் தவிர அவர்களுக்கு வேறு நாதி ஏது?

'சர்ச்லைட்' வழக்கு

ஆனால் அதே பேனா, சர்க்காரைக் குறை கூறிய பேச்சின்மீதும் பாயலாம். 1957-ம் ஆண்டு மே 30-ந் தேதி பீகார் சட்டசபையில் ஓர் அங்கத்தினர், முதல் மந்திரியின் நிர்வாகத்தைக் கடுமையாகத் தாக்கிப் பேசினார். சில பகுதிகளை நீக்கும்படி சபாநாயகர் உத்தரவிட்டார். மறுநாள் பாட்னாவின் 'சர்ச்லைட்' பத்திரிகையில் நீக்கப்பட்ட பகுதிகளும் சேர்ந்து முழுப் பேச்சும் வெளிவந்துவிட்டது!

சபையின் உரிமையை மீறியதாக ஆசிரியர் எம்.எஸ்.எம். சர்மாவுக்கு நோட்டீசு போயிற்று. அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1958-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் 5 பேரில் 4 பேர் ஆசிரியருக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். நீக்கப்பட்ட பேச்சு, சட்டத்தின் கண்ணில் பேசப்படாத பேச்சு போன்றது. நடந்தது நடந்தபடி பிரசுரித்தாலும் அது பிசகான செய்தியாகக் கருதப்படலாம் என்பது தலைமை நீதிபதி எஸ்.ஆர். தாஸ் எழுதிய தீர்ப்பின் சாரம். பின்னாளில் தலைமை நீதிபதியான சுப்பாராவ் மட்டும் பத்திரிகைச் சுதந்திரத்தின் பக்கம் நின்று மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்.

பேசியது உண்மை, கேட்டது உண்மை, ஆனால் பேசியதாகச் சொல்வது தவறு! சாமானியனுக்கு இது விளங்குவது கஷ்டம்தான்.

இன்றோ நிலைமை இன்னும் விசித்திரம். பார்லிமெண்டு நடவடிக்கைகள் டெலிவிஷனில் நேரடியாக வருகின்றன. சபாநாயகர் உத்தரவிடுவதற்கு முன்பே வார்த்தை கன்னியாகுமரி வரை போய்ச் சேர்ந்துவிடுகிறது.

தகராறும் ஓயவில்லை. 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி லோக்சபையில் எதிர்க்கட்சித் தலைவர் ராகுல் காந்தி பேசிய பேச்சின் சில பகுதிகள் நீக்கப்பட்டன. அவை 380-வது விதியில் அடங்காதவை, மீண்டும் சேர்க்க வேண்டும் என்று அவர் மறுநாளே சபாநாயகர் ஓம் பிர்லாவுக்குக் கடிதம் எழுதினார். சபாநாயகர் தம் அதிகாரத்தைச் செலுத்தியது பற்றிக் கோர்ட்டு விசாரிக்க அரசியல் சட்டம் இடம் தரவில்லை. ஆகவே எல்லாம் அந்த நாற்காலியில் இருப்பவரின் நடுநிலையைப் பொறுத்தது.

அடித்தல் திருத்தல்

வீடு வாங்குகிறவர்கள் பத்திரம் எழுதும்போது ஒரு பழைய முறையைக் கண்டிருப்பார்கள். எழுத்தில் பிழை நேர்ந்தால் அந்தத் தாளைக் கிழிப்பதில்லை. பிழையை ஒரு கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கடைசியில் 'அடித்தல் திருத்தல்' எத்தனை என்று கணக்குச் சொல்லிக் கையெழுத்துப் போடுவார்கள். பிழையும் தெரியும்; திருத்தமும் தெரியும். பின்னால் வரும் வாரிசுகளுக்குச் சந்தேகம் வராது.

சபைப் பதிவேடும் அப்படிப்பட்ட ஒரு பத்திரம்தான். அதன் வாரிசுகள் ஓட்டுப் போட்ட மக்கள். அவர்கள் அனுப்பிய பிரதிநிதி என்ன பேசினார், அதற்கு என்ன பதில் வந்தது என்று அறிந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது. அடுத்த தேர்தலில் கணக்குப் பார்க்க வேறு ஏடு அவர்களிடம் இல்லை.

பேசியவர் வருந்தட்டும், வாபஸ் வாங்கட்டும், மன்னிப்பும் கேட்கட்டும். அவை எல்லாம் ஏட்டில் ஏறட்டும். வாயில்லாதவர்மீது வீசிய பழிச்சொல்லைச் சபாநாயகர் நீக்கட்டும். ஏன் நீக்கினார் என்பதையும் ஒரு வரி எழுதட்டும். அதற்குமேல் அழிப்பதற்கு யாருக்கும் உரிமை வேண்டியதில்லை.

அழித்தவர்கள்தான் ஜெயித்தார்களா? ஜாக்சனுக்காகக் கறுப்புக் கட்டம் போட்ட அந்தப் பக்கம் இன்றும் அமெரிக்க ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. கட்டத்துக்குள்ளே 1834-ம் ஆண்டுக் கண்டனத் தீர்மானத்தை, ஓர் எழுத்து விடாமல் இன்றும் படிக்கலாம்!