சிமுலேட்டரோடு வரும் விமானங்கள்

ஃப்ளைட் சிமுலேட்டர் மென்பொருளை நிறுவியதும் கூடுதல் காசு கொடுக்காமல் ஓட்டக் கிடைப்பவை டிஃபால்ட் விமானங்கள். ஐபிஎம் கணினிக்காக 1982-இல் வந்த முதல் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் பறந்தது செஸ்னா 182. திரையின் கீழ்ப்பாதியில் கருவிப் பலகை, மேல்பாதியில் கோடுகளும் வண்ணத் திட்டுகளுமாக நிலம், அவ்வளவுதான். 2020 பதிப்பின் அடிப்படைத் தொகுப்பிலேயே 20 விமானங்கள் இருந்தன. நிறுத்தி வைத்துப் பார்த்தால் அவற்றுள் பல, புகைப்படத்தோடு போட்டியிடும்.

இந்தத் தோற்றம் எப்படி வருகிறது? திரையில் தெரியும் விமானம் ஆயிரக்கணக்கான சிறு முக்கோணங்களால் ஆன ஓடு. அதன் மேல் படங்கள் ஒட்டப்பட்டிருக்கும். முன்பெல்லாம் வெயிலின் பளபளப்பையும் நிழலையும் ஓவியர்களே அந்தப் படத்தில் தீட்டிவிடுவார்கள். விமானம் எந்தப் பக்கம் திரும்பினாலும் பளபளப்பு அதே இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். எக்ஸ்-பிளேன் 11 (2017), மைக்ரோசாஃப்ட்டின் 2020 பதிப்பு போன்ற சிமுலேட்டர்கள் வேறு வழியில் போகின்றன. ஒவ்வொரு பரப்பும் உலோகமா பிளாஸ்டிக்கா, வழவழப்பா சொரசொரப்பா என்ற விவரம் மட்டும் பதிந்திருக்கும். ஒளி எப்படித் தெறிக்க வேண்டும் என்பதை மென்பொருள் அந்தந்த நொடியில் கணக்கிடும். சுவிட்ச்சைச் சுற்றித் தேய்ந்த பெயின்ட், மானிக் கண்ணாடியில் படிந்த விரல்ரேகை எல்லாம் வெயில் படும் கோணத்துக்கேற்பத் தெரிவதும் மறைவதும் இதனால்தான்.

காக்பிட்டும் நெடுங்காலம் தட்டையான படமாகவே இருந்தது. முப்பரிமாணக் காக்பிட்டுக்குள்ளேயே சுவிட்ச்சுகளை மவுஸால் இயக்கும் வசதி மைக்ரோசாஃப்ட் வரிசையில் 2003-இல் வெளியான பதிப்பில் வந்தது.

பறக்கும் விதத்தில் இரண்டு மரபுகள் உண்டு. மைக்ரோசாஃப்ட்டின் பழைய பதிப்புகள், இந்த வேகத்துக்கும் கோணத்துக்கும் இவ்வளவு தூக்குவிசை என்று முன்கூட்டியே எழுதிய அட்டவணையைப் பார்த்து விமானத்தை நகர்த்தின. ஆஸ்டின் மேயர் உருவாக்கிய எக்ஸ்-பிளேன், இறக்கையையும் புரொப்பெல்லரையும் சிறு துண்டுகளாகப் பிரித்து, துண்டுக்குத் துண்டு விசையைக் கணக்கிட்டுக் கூட்டுகிறது. 2020-இல் மைக்ரோசாஃப்ட்டும் உடலெங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பரப்புகளில் காற்றோட்டத்தைக் கணக்கிடும் முறைக்கு மாறியது.

குறை தெரிவது உள் அமைப்புகளில்தான். 2006-இல் வந்த ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸில் போயிங் 737-800 பார்வைக்கு எடுப்பாகவே இருந்தது. ஆனால் நிஜ விமானிகள் வழித்தடத்தைப் பதியும் கணினி அதில் இல்லை. சிறு விமானங்களுக்கான ஜிபிஎஸ் பெட்டி ஒன்றைக் கொடுத்துச் சமாளித்திருந்தார்கள். தலைக்கு மேலுள்ள பலகையில் பல சுவிட்ச்சுகள் வெறும் அலங்காரம். பிஎம்டிஜி போன்ற நிறுவனங்கள் ஒவ்வொரு விமானத்தையும் தனித்தனியே விற்றுப் பிழைக்க முடிந்ததும் இந்த இடைவெளியால்தான். 2020 பதிப்பின் ஏர்பஸ் ஏ320நியோவும் தொடக்கத்தில் அரைகுறையாகவே வந்தது. ஃப்ளைபைவயர் என்ற தன்னார்வக் குழு அதையே அடித்தளமாக எடுத்துக்கொண்டு உள் அமைப்புகளைத் திருத்தி எழுதியது. பிறகு மைக்ரோசாஃப்ட்டும் தன் ஜெட் விமானங்கள் சிலவற்றை மேம்படுத்தியது.

தயாரிப்பாளர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல முடியாது. டிஃபால்ட் விமானத்தை முதன்முறை ஜாய்ஸ்டிக் பிடிப்பவரும் கிளப்ப முடிய வேண்டும். எக்ஸ்பாக்ஸ் போன்ற விளையாட்டுப் பெட்டியிலும் திணறாமல் ஓட வேண்டும். விளம்பரத்தில் கண்ணைப் பறிப்பது பெயின்ட்டே தவிர, ஹைட்ராலிக் குழாய் அல்ல. ஆகவே உழைப்பு முதலில் வெளித்தோற்றத்துக்குப் போகிறது.

ஒரு டிஃபால்ட் விமானம் எவ்வளவு நிஜம் என்று அறிய, படத்தை உற்றுப் பார்ப்பதைவிட அந்த விமானத்தின் கையேட்டைத் திறப்பது மேல். செஸ்னா 172எஸ் முழு எடையான 1,157 கிலோவில், ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்புத் தகடு) இறக்காமல் சுமார் 48 நாட் வேகத்தில் ஸ்டால் ஆக (தூக்குவிசை இழக்க) வேண்டும். முழு ஃபிளாப்பில் 40. ஓடுபாதையில் முழு விசை கொடுத்தால் மூக்கு இடப்பக்கம் இழுக்கும், வலது ரடரால் (வால் சுக்கானால்) திருத்த வேண்டும். உயரத்தில் எரிபொருள் கலவையைக் குறைத்தால் எஞ்சின் சுழற்சி சற்றே ஏறிப் பிறகு இறங்க வேண்டும். அமைப்பு எளிது என்பதால் சிறு விமானங்கள் இத்தகைய சோதனைகளில் பெரும்பாலும் தேறிவிடும். பெரிய ஜெட்டுகளில்தான் இடைவெளி அதிகம்; அவற்றுக்குத் தனியாக விற்கப்படும் விமானத்தை வாங்கும் முன் விசாரிக்க வேண்டும். ஏர்பஸ் பழக விரும்புபவருக்கு அந்தச் செலவும் தேவையில்லை. ஃப்ளைபைவயரின் ஏ320 இலவசமாகவே கிடைக்கிறது.