தங்கவயலின் நுரையீரலும் காப்பீட்டுப் பத்திரமும்

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது, கோலார் தங்கவயலின் ஜனங்கள் இழந்தது சம்பளத்தை மட்டும் அன்று. ஜான் டெய்லர் கம்பெனியின் காலத்தில் வேரூன்றி, 1956-இல் மைசூர் சர்க்காரின் கைக்கும் 1962-இல் மத்திய சர்க்காரின் கைக்கும் சுரங்கம் மாறியபோதெல்லாம் அறுபடாமல் தொடர்ந்து, தொழிலாளிக்கும் அவன் மனைவி மக்களுக்கும் கிடைத்து வந்த இலவச வைத்தியம் என்னும் பாத்தியதையும் அன்றோடு முடிவுற்றது. வேலை போனால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம். ஆனால் வேலையோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்த வைத்தியம் போனபோது, அதற்கு ஈடாக எதைத் தேடுவது, எங்கே தேடுவது என்று எடுத்துச் சொல்வார் ஒருவருமில்லை. சுரங்க ஆஸ்பத்திரி இருபது ஆண்டுக் காலம் பூட்டிக் கிடந்தது. 2021-இல் கொரோனாவின் இரண்டாம் அலை வந்து ஊர் மூச்சுத் திணறியபோதுதான் தொண்டர்கள் கூடிப் பெருக்கிக் கழுவி, கட்டில் போட்டு, அதை மறுபடி நோயாளிகளுக்காக ஆயத்தம் செய்தார்கள்.

சுரங்கம் மூடும் தறுவாயில் இருந்த அதே காலத்தில், 2000-ஆம் ஆண்டு அக்டோபர் முதல், இந்தியாவில் தனியார் காப்பீட்டுக் கம்பெனிகளுக்கு உரிமம் வழங்கப்படலாயிற்று. ஆகவே, அவரவர் சக்திக்கேற்பக் கம்பெனியிடம் காப்பீடு வாங்கிக்கொள்வதா, அல்லது வரிப்பணத்தால் நிரம்பும் ஒரே பொது நிதி பிரஜைகள் அனைவரின் வைத்தியச் செலவையும் ஏற்பதா என்று அமெரிக்காவிலும் கனடாவிலும் பல்லாண்டுகளாக நடந்து வரும் வாதம், தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டைக்கு அயல்நாட்டுச் செய்தி அன்று. அந்த வாதத்தின் இரு கரைகளுக்கும் நடுவே இந்த ஊர் கால் நூற்றாண்டாக நின்றுகொண்டிருக்கிறது.

இவ்வூரின் வியாதி எத்தகையது என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். பாறையைத் துளைக்கும்போதும் வெடிவைத்துத் தகர்க்கும்போதும் எழும் நுண்ணிய சிலிக்காத் தூசி நுரையீரலில் படிந்து, அங்குள்ள மெல்லிய திசுவை வடுவாக இறுகச் செய்கிறது; இதுவே சிலிகோசிஸ். படிந்த தூசியை வெளியேற்ற ஔஷதம் இல்லை; வேலையை விட்டு வெளியேறிய பின்னரும் நோய் வளர்ந்துகொண்டே போகக்கூடும்; காசநோய்க்கும் அது வாசல் திறந்து வைக்கிறது. இந்தியாவில் இந்நோய் முதன்முதலாக 1947-இல் அறிவிக்கப்பட்டது கோலார் தங்கச் சுரங்கத்திலிருந்துதான் என்று மருத்துவப் பாடநூல்கள் கூறுகின்றன. பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் இறங்கி வேலை செய்தவர்களின் மார்பில், சுரங்கம் மூடிய அன்றும் அந்தத் தூசி நீங்காமல் இருந்தது.

தனியார் காப்பீடு இயங்கும் விதம் ஒன்றும் இரகசியமில்லை. பலர் சிறு தொகை செலுத்துகிறார்கள். அவர்களில் நோயுறும் சிலருக்கு அந்தத் தொகுப்பிலிருந்து செலவு கொடுக்கப்படுகிறது. மீதி இருந்தால்தான் கம்பெனிக்கு லாபம் என்பதால், நோய் வரக்கூடியவர் யார் என்று முன்கூட்டியே அறிந்து அவரிடம் அதிகப் பிரீமியம் கேட்பதும், காத்திருப்புக் காலம் விதிப்பதும், சில சமயம் விண்ணப்பத்தையே மறுப்பதும் அந்த வாணிபத்தின் இயல்பு. இதில் கம்பெனிக்காரரைத் துஷ்டர் என்று ஏசுவதில் பயனில்லை; அறுபது வயதும் மூச்சிரைப்பும் உடைய பழைய சுரங்கத் தொழிலாளி அவர்களுடைய கணக்கில் நஷ்டக் கணக்காகவே தோன்றுவான். எவனுக்குப் பாதுகாப்பு மிகுதியாக வேண்டுமோ அவனுக்கே அது கிட்டாமற்போகும் ஏற்பாட்டை, ஒரு ஜன சமூகத்தின் முழுப் பாதுகாப்பாக ஏற்பது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் ட்ரெடீகர் என்றொரு சுரங்க ஊர் உண்டு. அங்கே தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து சிறு பங்கைச் சேர்த்து ஒரு மருத்துவ உதவிச் சங்கம் நடத்தினார்கள். டாக்டரும் மருந்தும் ஆஸ்பத்திரியும் அதிலிருந்து அவர்கள் குடும்பங்களுக்குக் கிடைத்தன. பதின்மூன்று வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கிய அவ்வூர்ச் சிறுவன் அன்யூரின் பெவன், 1925-இல் தன் தந்தை சுரங்கத் தூசியால் வந்த நுரையீரல் நோய்க்கு இரையானதைக் கண்ணெதிரே கண்டவன். அவனே பின்னாளில் சுகாதார மந்திரியாகி, 1948-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் தேதி, தன் ஊர்ச் சங்கத்தின் தத்துவத்தை நாடு முழுமைக்கும் விரித்துத் தேசிய சுகாதார சேவையைத் தொடங்கினான். அதற்கு இரண்டாண்டு முன்பே, 1946-இல், நம் நாட்டில் சர் ஜோசப் போர் தலைமையிலான கமிட்டி, பணம் கொடுக்க இயலாமையால் எந்தப் பிரஜைக்கும் வைத்தியம் கிடைக்காமல் போகலாகாது என்று அறிக்கை கொடுத்திருந்தது; டாக்டர் ஆற்காடு லட்சுமணசாமி முதலியார் அந்தக் கமிட்டியில் ஓர் அங்கத்தினர். போர் கமிட்டி அறிக்கை 1946, கோலார் சிலிகோசிஸ் 1947, பெவனின் சேவை 1948 என்று அடுத்தடுத்து நிற்கும் இம்மூன்று வருஷங்களில், பிரிட்டன் செய்ததை நாம் எழுதி மட்டும் வைத்தோம். அண்டை நாடாகிய இலங்கை, செல்வ நாடாக இராத காலத்திலேயே, சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் கட்டணமின்றி வைத்தியம் அளிக்கும் நெறியைக் கைக்கொண்டது; தாய்லாந்து 2002-இல் முப்பது பாத் திட்டத்தால் காப்பீடில்லாத தன் ஜனங்கள் எல்லோரையும் உள்ளே கொண்டு வந்தது.

மறுபக்கத்தாரின் வாதத்தையும் கேட்கத்தான் வேண்டும். கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் 1962-இல் பொது மருத்துவக் காப்பீடு அமலானபோது டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இன்றும் கனடாவிலும் பிரிட்டனிலும் மூட்டு அறுவை போன்ற சிகிச்சைகளுக்கு நோயாளிகள் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். சர்க்கார் ஆஸ்பத்திரியில் கட்டில் போதாது, டாக்டர் போதாது என்பது நம் ஊர்க்காரர் அறியாததன்று. இவையெல்லாம் மெய்யே. ஆயினும் காத்திருப்பது என்பது நிர்வாகத்தால் சீர்படுத்தக்கூடிய குறை. நோயாளியை வாசலிலேயே நிறுத்துவதோ, காப்பீட்டு வாணிபத்தின் கணக்கிலேயே அடங்கியிருப்பது.

கர்நாடகத்தில் இன்று நடப்பது இவ்விரண்டும் கலந்த ஒரு வழி. 2010-இல் தொடங்கிய வாஜ்பேயி ஆரோக்யஸ்ரீ திட்டம், வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இருதயம், புற்று போன்ற பெரு நோய்களின் செலவை ஏற்றது. அது நடந்த கிராமங்களையும் நடக்காத எல்லைக் கிராமங்களையும் ஒப்பிட்டுப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 2014-இல் வெளியான ஆராய்ச்சி, திட்டத்தில் அடங்கிய நோய்களால் ஏழைக் குடும்பங்களில் நேர்ந்த மரணம் 64 சதவீதம் குறைவாக இருந்ததென்று கண்டது. 2018-இல் இது மத்திய சர்க்காரின் திட்டத்தோடு இணைந்து ஆயுஷ்மான் பாரத் ஆரோக்ய கர்நாடகா என்று பெயர் பெற்றது. சுவர்ண ஆரோக்ய சுரக்ஷா டிரஸ்ட் என்னும் சர்க்கார் ஸ்தாபனமே பணத்தைக் கொடுக்கிறது. லாபம் தேடும் கம்பெனி நடுவே இல்லை. வறுமைக் கோட்டு ரேஷன் அட்டை உடைய குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை முழுச் செலவும், மற்றக் குடும்பங்களுக்குத் தொகுப்புக் கட்டணத்தில் 30 சதவீதமாக ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வரையும் கிடைக்கும். முன்பே நோய் இருந்தது என்பது இங்கே தடையில்லை. பழைய சுரங்கத்தாருக்கு இதைவிடப் பெரிய அனுகூலம் வேறில்லை.

ஆனால் இதைப் பெறும் முறையை அறியாதவர் கையிலுள்ள உரிமையை இழக்கிறார். முதலில் போக வேண்டியது சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு. அங்கே அந்தச் சிகிச்சை இல்லையென்றால் அவர்கள் எழுதித் தரும் பரிந்துரைக் கடிதத்தோடுதான் திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவசர சிகிச்சைகளென்று வகுக்கப்பட்டவற்றுக்கு மட்டும் நேரே போகலாம். ஆஸ்பத்திரியில் ஆரோக்ய மித்ரா என்ற உதவியாளரிடம் ரேஷன் அட்டையையும் ஆதாரையும் காட்டி, திட்டத்தின் கீழ்ச் சேர்க்கும்படி கேட்க வேண்டும். முன்பணம் கட்டிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று யாரேனும் சொன்னால் 104 என்ற எண்ணை அங்கிருந்தே அழைக்க வேண்டும். சென்னையிலோ வேலூரிலோ உள்ள உறவினர் வைத்திருக்கும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை தமிழ்நாட்டுக் குடும்ப அட்டையை ஆதாரமாகக் கொண்டது. இங்கே வசிக்கும் தமிழருக்கு உரியது கர்நாடக அட்டையே. படிவங்கள் கன்னடத்தில் இருப்பதால் முதியவர்கள் புரியாமல் கையொப்பமிடுவது இங்கே சாதாரணம்; படித்துச் சொல்லச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

விடியுமுன் தங்கவயலின் மாரிக்குப்பத்திலிருந்து இரயிலேறிப் பெங்களூருக்குப் போகும் பழைய சுரங்கத்தாரின் பிள்ளைகள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். 1948-ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டத்தின் எல்லைக்குள் சுரங்கம் வரவில்லை. ஆகையால் தந்தையிடம் இஎஸ்ஐ அட்டை இல்லை. ஆனால் பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், மாதம் 21,000 ரூபாய்க்கு மேற்படாத சம்பளத்தில் காவல் வேலையோ துப்புரவு வேலையோ பார்க்கும் மகனுக்கு அது உண்டு. சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்களா, முதலாளி தம் பங்கு 3.25 சதவீதத்தைச் செலுத்துகிறாரா என்று சம்பளச் சீட்டில் பார்க்க வேண்டும். ஒப்பந்தக்காரர் ஏமாற்றினாலும் வேலை வாங்கும் முதன்மை முதலாளி அந்தப் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. தன்னை நம்பி வாழும் வயதான பெற்றோரையும் அந்த அட்டையில் சேர்க்கலாம் என்பதைப் பலர் அறியார்.

தனியார் காப்பீடு வாங்கும் சக்தியுள்ளவர் வாங்கட்டும். அதை நான் தடுக்கவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் காப்பீட்டுப் பிரீமியத்தின் மேல் ஜிஎஸ்டி வரியும் இல்லை. வாங்கும்போது சுரங்க வேலையையும், பழைய காசநோயையும், சர்க்கரையையும் மறைக்காமல் எழுதுங்கள். எழுத வேண்டாம், பாலிசி கிடைக்காது என்று சொல்லும் ஏஜென்டு தம் கமிஷனைத்தான் காக்கிறார். மறைத்த ஒன்றைச் சாக்காக வைத்தே பின்னால் உங்கள் கோரிக்கை மறுக்கப்படும். 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த விதிகளின்படி, முன்பிருந்த நோய்க்கான காத்திருப்பு மூன்று ஆண்டுக்கு மேற்படலாகாது. ஐந்து ஆண்டுகள் இடைவிடாமல் பிரீமியம் கட்டியபின், மோசடி நிரூபிக்கப்பட்டாலொழிய, தகவலை மறைத்தார் என்று சொல்லிக் கோரிக்கையைத் தள்ள முடியாது. ரொக்கமில்லாச் சிகிச்சைக்கு ஒரு மணி நேரத்திலும், வீடு திரும்பும் அனுமதிக்கு மூன்று மணி நேரத்திலும் கம்பெனி பதில் சொல்ல வேண்டும். பாலிசிப் பத்திரம் கைக்கு வந்த முப்பது நாளுக்குள் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

மறுப்பு வந்தால் வாயால் சொன்னதை ஏற்காமல் எழுத்தில் காரணம் கேளுங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நியாயமாக இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் பெங்களூரிலுள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மனிடம் முறையிடலாம். வக்கீல் வேண்டாம், கட்டணம் வேண்டாம். 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்பளிக்கலாம். அது கம்பெனியைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. 155255 என்ற எண்ணில் ஆணையத்திடமும் புகார் பதியலாம். அதன் பின்னும் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. அங்கே காலவரம்பு இரண்டாண்டு.

எந்த அட்டையும் இல்லாதவனுக்கும் சில உரிமைகள் உண்டு. இரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளியைக் கல்கத்தாவின் சர்க்கார் ஆஸ்பத்திரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டில் இல்லையென்று திருப்பியனுப்பிய வழக்கில், அவசர சிகிச்சை மறுப்பது அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் உயிருரிமையை மீறுவதாகும் என்று சுப்ரீம் கோர்ட்டு 1996-இல் தீர்ப்பளித்தது. தனியார் ஆஸ்பத்திரிகளைப் பொறுத்தவரை, 2007-ஆம் ஆண்டின் கர்நாடகச் சட்டமும் அதன் 2017-ஆம் ஆண்டுத் திருத்தமும், அவசர நிலையில் முன்பணம் கேட்டு நோயாளியை நிறுத்தி வைப்பதையும், பாக்கிக்காகச் சடலத்தைப் பிடித்து வைப்பதையும் தடுக்கின்றன. கட்டண விவரத்தைக் கண்ணில் படும்படி வைக்கச் சொல்கின்றன. முறையீட்டை விசாரிக்கும் அதிகாரம் டெபுடி கமிஷனர் தலைமையிலுள்ள மாவட்டக் குழுவுக்கு இருக்கிறது. மனு கோலாருக்குப் போக வேண்டும்.

சுரங்கத்தில் வேலை பார்த்தவருக்கும் அவர் விதவைக்கும் இன்னொரு சொல். வேலைச் சான்று, பணி விலகல் பத்திரம், பழைய எக்ஸ்ரே ஆகியவற்றைத் தொலைக்காதீர்கள். இருமலுக்குப் போகும்போதெல்லாம் எத்தனை ஆண்டு எந்த ஷாஃப்டில் வேலை செய்தீர்கள் என்பதை டாக்டரிடம் சொல்லி, சீட்டில் எழுதச் சொல்லுங்கள். சிலிகோசிஸ் காசநோயைப் போலவே தோற்றமளிப்பதால், இரண்டும் இருக்கிறதா, ஒன்று மட்டுமா என்று பரிசோதிக்காமல் மருந்து தொடங்குவதில் அபாயமுண்டு. காசநோய் என்று உறுதியானால் மருந்து இலவசம்; சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரவேண்டும்; கணக்கு எண்ணைக் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

ஆரோக்ய கர்நாடகாவின் பெருங்குறை ஒன்று மிச்சமிருக்கிறது. ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் அது பெரும்பாலும் பணம் தருகிறது. தூசி படிந்த நுரையீரலுக்கு வேண்டியதோ, மாதா மாதம் வாங்கும் இன்ஹேலர், அவ்வப்போது எக்ஸ்ரே, கடைசி ஆண்டுகளில் வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் ஆக்ஸிஜன் கருவி. இவற்றின் செலவைத்தான் ஓய்வூதியமற்ற குடும்பங்கள் கையிலிருந்து கொடுத்துக் கடனாளியாகின்றன. தங்கவயலில் சுரங்க வேலை பார்த்த ஒவ்வொருவருக்கும் புறநோயாளி மருந்தும் வீட்டு ஆக்ஸிஜனும் திட்டத்தில் சேர வேண்டும். ராபர்ட்சன்பேட்டை சர்க்கார் ஆஸ்பத்திரியில் நெஞ்சக நோய் நிபுணர் வாரத்தில் குறித்த நாளில் தவறாமல் அமர வேண்டும். ஓட்டுக் கேட்டு அடுத்த முறை பேட்டைக்கு வருகிற எந்தக் கட்சிக்காரரிடமும் முதலில் கேட்க வேண்டியவை இவை இரண்டும்.