குளிசையின் உள்ளே இருப்பது என்ன?

மாரிகாலத்தில் ஒருநாள், வீட்டு அலுமாரியில் நெடுநாட் கிடந்த அஸ்பிரின் போத்தலைத் திறக்கின்றோம். வினாகிரி மணம் வீசுகின்றது. குளிசைகள் வெண்மை குன்றவில்லை. போத்தலில் எழுதிய பெயரும் மாறவில்லை. ஆனால் உள்ளிருக்கும் பொருள் மாறத் தொடங்கிவிட்டது.

எமது குடாநாட்டின் வெப்பமும் ஈரக்காற்றும் சேர்ந்து அஸ்பிரினைச் சலிசிலிக் அமிலமாகவும் அசற்றிக் அமிலமாகவும் பிரித்துவிடுகின்றன. வினாகிரியின் மணத்துக்குக் காரணம் பின்னையதே. இருதய நோயாளர் நாள்தோறும் நம்பி உண்ணும் மருந்து இவ்வாறு வலுவிழக்கலாமா?

இதனைக் கண்டறியக் கல்லூரி ஆய்வுகூடமே போதும். குளிசையைத் தூளாக்கி, மதுசாரத்திற் கரைத்து, பெரிக் குளோரைட்டுக் கரைசலிற் சில துளிகள் விடுக. கெட்ட மருந்து ஊதா நிறங் காட்டும். தூய அஸ்பிரின் காட்டாது. எவ்வளவு கெட்டது என அறிவதற்கு மருந்து ஆய்வாளர் நிறப்பகுப்பு முறையைக் கையாளுகின்றனர். நுண்பொடி அடைத்த குழாயினூடாகக் கரைசலைச் செலுத்தினால், அதிலுள்ள பொருள்கள் வெவ்வேறு நேரத்தில் வெளிவரும். ஒவ்வொன்றின் அளவையுங் கருவி குறித்துக் காட்டும்.

மருந்தின் அளவு சரியாயிருந்தால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கு அவுஸ்திரேலியாவில் 1968 ஆம் ஆண்டளவில் நிகழ்ந்தது சான்று. வலிப்பு நோயாளர் பலர், தாம் வழக்கமாக உண்ட பெனிற்றோயின் மருந்தையே, அதே அளவில் உண்டு, நடை தள்ளாடி அவதியுற்றனர். மருந்து மாறவில்லை, அதனுடன் பருமனுக்காகக் கலந்த கல்சியம் சல்பேற்றுக்குப் பதிலாக லக்ரோசு எனும் பாற்சர்க்கரை சேர்க்கப்பட்டிருந்தது. முன்னைய பொருள் மருந்தின் ஒரு பகுதியை உடலிற் சேரவிடாது தடுத்து வந்தது. அத்தடை நீங்கவே இரத்தத்தில் மருந்து மிகுந்தது. துணைப்பொருளென எண்ணியதே வினையாயிற்று!

ஆகவே, குளிசையில் எவ்வளவு மருந்து உண்டு என்பதோடு, அது எவ்வாறு வெளிப்படுகின்றது என்பதையும் அறிதல் வேண்டும். 1970 இல் அமெரிக்க மருந்து நியம நூல் சில குளிசைகளுக்குக் கரைதற் சோதனையை விதித்தது. உடற்சூடாகிய 37 பாகை செல்சியசிலுள்ள திரவத்திற் குளிசையை இட்டுச் சுழற்றி, குறித்த நேரத்தில் எத்துணை கரைந்தது என அளப்பதே அச்சோதனை.

வைத்தியத்துக்கு இரசாயனம் வேண்டும் என்ற எண்ணம் எம்மவர்க்குப் புதியதன்று. மானிப்பாயில் 1848 இல் வைத்தியப் பணி தொடங்கிய டாக்டர் சாமுவேல் கிறீன், பிற்காலத்தில் மாணவர்க்குத் தமிழிலேயே வைத்தியங் கற்பித்தார். அவருடைய முயற்சியால் 1875 இல் 'கெமிஸ்தம்' எனும் இரசாயன நூல் தமிழில் வெளிவந்தது. அவ்வழி வந்த எமது மாணவர், சோதனைக் குழாயைப் பரீட்சைக்கு மட்டும் உரியதாகக் கருதலாகாது.

இல்லத்தார்க்கும் ஒரு வார்த்தை. குளிசைகளைக் குசினியின் நீராவி படாத இடத்தில், அவற்றின் உறையிலேயே வைத்திருங்கள். வினாகிரி மணக்கும் அஸ்பிரினை உண்ணாதீர்கள். வலிப்பு மருந்தை ஒரு தயாரிப்பிலிருந்து வேறொன்றுக்கு மாற்றுமுன் வைத்தியரைக் கேளுங்கள். பெயர் ஒன்றாயிருப்பதனால் மருந்தும் ஒன்றே எனக் கொள்ளுதல் தகாது.