செப்பேட்டு முத்திரையும் கம்ப்யூட்டர் கையொப்பமும்

பல்லவ மன்னர்கள் காஞ்சியைத் தலைநகராகக் கொண்டு அரசாண்ட காலத்தில், நிலதானங்களைச் செப்பேடுகளில் பொறித்து அளித்தார்கள். ஏடுகளைத் துளையிட்டு ஒரு வளையத்தில் கோத்து, அதன் வாய் பொருந்தும் இடத்தில் ரிஷப முத்திரை பதிப்பது வழக்கம். நடுவே ஓர் ஏட்டைச் செருகவோ உருவவோ வேண்டுமானால் வளையத்தை வெட்டியாக வேண்டும்; வெட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். ‘இதைக் கொடுத்தவர் யார்? கொடுத்தபடியே இருக்கிறதா?’ என்னும் இரு கேள்விகளுக்கும் அந்த வளையமே விடை கூறிற்று.

இன்று காஞ்சிப் பட்டுக்கும் முத்திரைகள் உண்டு. அசல் பட்டு என்பதைக் காட்டும் ‘ஸில்க் மார்க்’ 2004-ஆம் ஆண்டில் வந்தது. 2005-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் புடவையை நெய்தவரின் கணக்குக்கு முத்திரை எங்கே?

ஒரு நெசவாளர் சங்கத்தை எண்ணிப் பாருங்கள். கொடுத்த பட்டு நூல் எவ்வளவு, சரிகை எவ்வளவு, திரும்பி வந்த புடவையின் எடை என்ன, கூலி என்ன என்பதெல்லாம் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமில் ஏறுகின்றன. அதில் எவரேனும் ஒரு வரியை மாற்றிவிட்டால், புடவைதோறும் சில ரூபாய் குறையும். காரணம் நெசவாளிக்கும் தெரியாது, குமாஸ்தாவுக்கும் தெரியாது.

இதற்குப் பரிகாரம் மின்கையொப்பம். அமெரிக்காவில் டிஃபியும் ஹெல்மனும் 1976-இல் வெளியிட்ட கருத்திலிருந்து பிறந்தது இது. புரோகிராம் முழுவதையும் கணித முறையில் பிழிந்து ஒரு சிறு எண்ணாக்குகிறார்கள். அந்த எண்ணை, எழுதியவர் தம் ரகசியச் சாவியால் ஒப்பமிடுகிறார். அதற்கு இணையான பொதுச் சாவியைக் கொண்டு யாரும் சோதிக்கலாம். ஓர் எழுத்து மாறினாலும் எண் ஒவ்வாது. சாவிக்கு உரியவர் இன்னார் என்று விசாரித்து உறுதி கூறுவது சான்றிதழ் வழங்கும் ஸ்தாபனத்தின் பொறுப்பு. தானே தனக்குச் சான்றிதழ் செய்துகொள்ளவும் வழி உண்டு. ஆனால் பிறர் கம்ப்யூட்டர் அதை எளிதில் நம்பாது. நம் தேசத்தில் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்கையொப்பத்துக்குச் சட்ட அந்தஸ்து அளித்திருக்கிறது.

எனினும் முத்திரையின் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். மைக்ரோஸாப்ட் ஆக்ஸெஸில், தரவுத்தளத்தைக் கட்டி ஒப்பமிட்டு அனுப்பும் வசதி 2007-ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்தது. கட்டைப் பிரித்துத் தரவுத்தளத்தை வெளியே எடுத்த பிறகு, அதற்கும் அந்த ஒப்பத்துக்கும் தொடர்பு இல்லை. பின்னர் நேரும் மாறுதலை அது காட்டாது. மேலும், ஒப்பம் எழுதியவரைக் காட்டுமேயன்றி, எழுதியது நியாயமான கணக்கா என்று கூறாது.

சாவி களவு போனாலோ, திருடனின் வேலையும் உரியவர் பெயரில் செல்லுபடியாகும். 2010-இல் வெளிப்பட்ட ‘ஸ்டக்ஸ்நெட்’ என்னும் நாசகாரப் புரோகிராம், தைவான் கம்பெனிகள் இரண்டின் திருடப்பட்ட சான்றிதழ்களுடன் உலவிற்று. 2023 ஜூன் முதல், இத்தகைய சான்றிதழின் ரகசியச் சாவியைத் தனிப் பாதுகாப்புக் கருவியிலேயே வைக்க வேண்டுமென்பது விதி.

ஆகவே சங்கத்தார் செய்ய வேண்டியவை மூன்று: ஒப்பமிட்ட மூலக் கட்டைப் பத்திரமாக வைத்திருப்பது, சந்தேகம் வந்தால் அதிலிருந்தே புதிதாக எடுத்து, கூலியை மறுபடி கணக்கிட்டுப் பார்ப்பது, சாவிக் கருவியை மேஜை டிராயரில் போடாமல் இரும்புப் பெட்டியில் பூட்டுவது. சரிகையை அப்படித்தானே பூட்டி வைக்கிறோம்!