காம்பராவுக்குள் 14 நாட்கள்

2020 பெப்ரவரியில் ஒருநாள் இரவுச் செய்தியில் அந்தக் கப்பலைக் காட்டினார்கள். ஜப்பானின் யொகோஹாமாவில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த ‘டயமண்ட் பிரின்சஸ்’ என்ற உல்லாசக் கப்பல். அதில் 3,711 பேர். ஹொங்கொங்கில் இறங்கிய பயணி ஒருவருக்குக் கொரோனா என்று தெரியவந்ததால், 5ஆம் திகதி முதல் பயணிகள் எல்லோரும் 14 நாட்கள் தத்தம் அறைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று உத்தரவு. சீட்டு விளையாடியும் படம் பார்த்தும் நேரத்தைப் போக்குகிறார்களாம்.

“கட்டில், குளிக்கிற அறை, வேளைக்குச் சாப்பாடு. இவங்களுக்கு என்ன குறை?” என்று நான் சிரித்தேன்.

சின்னம்மா சிரிக்கவில்லை. “ஜன்னல் இல்லாத காம்பராவும் இருக்காம் பிள்ளை” என்றார்.

லயத்தில் நாங்கள் குடியிருக்கும் அறைக்குக் காம்பரா என்றுதான் பெயர். சின்னம்மாவுக்குக் கப்பல் அறையும் காம்பராதான். ஒன்பது மாதம் கழித்து எங்கள் காம்பராவுக்கும் அந்தச் செய்தி வந்து சேர்ந்தது.

இரத்தினபுரி மாவட்டத்தில் தேயிலையும் இறப்பரும் கலந்த தோட்டம் எங்களுடையது. அந்த வருடம் தீபாவளி நவம்பர் 14இல் வந்தது. கொழும்பில் கடைகளில் வேலை செய்யும் எங்கள் பிள்ளைகள் சிலர் ஊருக்கு வந்தார்கள். அடுத்த காம்பராத் தம்பிக்குக் காய்ச்சல். பரிசோதித்தபோது கொரோனா. பத்துக் காம்பரா லயம் முழுவதையும் மூடிவிட்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒவ்வொரு கதவிலும் ஒரு கடதாசி ஒட்டிவிட்டுப் போனார்.

கப்பலில் அறைக்கு அறை மலசலகூடம் இருக்கும். எங்களுக்கு மலசலகூடமும் பொது, பீலியும் பொது. பெண்கள் கூடிப் பேசி, காம்பராவுக்கு அரை மணித்தியாலம் என்று முறை வைத்துக்கொண்டோம். போய்வந்தவர் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு வர வேண்டும். அப்போது அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. பேர் விழாத நாளுக்கு அதுவும் இல்லை. நிவாரணப் பொதி ஒன்பதாம் நாள்தான் வந்தது. அதுவரை கோதுமை மா ரொட்டியும் கொச்சிக்காய்ச் சம்பலும்.

என்னை வாட்டியது பசியல்ல, சின்னம்மாதான். அவர் 1977 கலவரத்துக்குப் பின் கணவரோடு வன்னிக்குப் போனவர். இந்தப் பகுதித் தோட்டங்களிலிருந்து அப்படிப் போன குடும்பங்கள் பல. 2009இல் கணவரை இழந்து, செட்டிகுளம் மெனிக் பாமில் இராமநாதன் முகாமில் இருந்துவிட்டு, தனியாக எங்களிடம் திரும்பி வந்தார். அங்கே இருந்த சகோதரிகளுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை.

கடதாசி ஒட்டிய அன்று அவர் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில் எழுந்து பார்த்தால், அடையாள அட்டை, மரணச் சான்றிதழ், இரண்டு சேலை எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்திருக்கிறார். “பேர் கூப்பிடுவாங்கள், ஆயத்தமா இருக்கோணும்” என்றார். “இது அது இல்லை சின்னம்மா, இது நம்ம லயம்” என்று எத்தனை தடவை சொல்லியும் பையைக் கீழே வைக்கவில்லை. நான் எரிச்சலில் சத்தம் போட்டதும் உண்டு. அது பிழை என்று பிறகுதான் விளங்கியது.

அன்று மாலை அவரே கேட்டார். “அந்தக் கடதாசியில என்ன எழுதியிருக்கு?”

வாசித்துக் காட்டினேன். கடைசி வரியில் முடிகிற திகதி இருந்தது. அதை மறுபடி வாசிக்கச் சொன்னார். “திகதி போட்டிருக்கா?” என்றார். பிறகு மெதுவாக, “அங்க ஒருத்தரும் எங்களுக்குத் திகதி சொல்லேல்ல” என்றார்.

என் மகள் இஸ்தோப்பில் கரியால் பல்லாங்குழிக் கட்டம் கீறி, இறப்பர் கொட்டைகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். ஏழும் ஏழும் பதினான்கு குழி. சின்னம்மா மூன்று கொட்டைகளை எடுத்து, பலகைத் துண்டொன்றில் தனியாக ஒரு கட்டம் கீறச் சொல்லி, மூன்று குழிகளில் வைத்தார். அதற்குப் பிறகு காலையில் எழுந்ததும் முதல் வேலை அதுதான். அவரைப் போல அடைபட்டுப் பழகிய ஒருவர் உங்கள் வீட்டிலும் இருந்தால், பயப்படாதே என்று சொல்வதைவிட நாளைச் சொல்லுங்கள்.

பகலில் அவர் உரப்பையை நாராகக் கிழித்துக் கூடை பின்னினார். முகாமில் பழகிய கைவேலையாம். மகளும் பழகிக்கொண்டாள். பள்ளிப் பாடம் தொலைபேசியில் வந்தது. இஸ்தோப்பின் ஒரு மூலையில் மட்டுமே சிக்னல் கிடைக்கும். அந்த மூலைக்குச் சண்டை.

இரவில் கதைதான். சிறுவயதில் என் அம்மாயி சொன்ன மண்டபம் முகாமைப் பற்றிச் சொன்னேன். 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் வழி திறந்த பிறகு, தோட்டங்களுக்கு வந்த சனத்தை அங்கேதான் சில நாட்கள் மறித்து வைப்பார்கள். கொலராவும் அம்மையும் இலங்கைக்கு வந்துவிடக் கூடாது என்ற பயம். உடுத்த துணியை வாங்கி ஆவியில் அவிப்பார்கள், அம்மைப்பால் குத்துவார்கள். காசு கொடுத்துக் கப்பல் ஏறும் துரைமாருக்கு இந்தத் தொல்லை கிடையாது. அம்மாயி அந்த நாட்களில் பக்கத்தில் இருந்த வேற்றூர்ப் பெண்களிடம் கும்மிப் பாட்டுக் கற்றுக்கொண்டாராம். பிறகு தலைமன்னார், ரயில், கடைசியில் களனிவெளிச் சின்ன ரயிலில் இரத்தினபுரி.

“அந்த மண்டபத்துக்குத்தானே எங்கட சனமும் படகில போனது” என்றார் சின்னம்மா. உண்மைதான். 1983க்குப் பின் அதே இடம் இலங்கை அகதிகளின் முகாமானது. இதை நான் அதுவரை ஒன்றாகச் சேர்த்து நினைத்ததே இல்லை.

கப்பலைப் பற்றியும் பேசினோம். அறைக்குள் இருந்தவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்த ஊழியர்கள் ஆயிரம் பேருக்கு மேல். அவர்கள் வேலையை நிறுத்தவில்லை, சிறு அறைகளைப் பகிர்ந்துகொண்டார்கள். இந்தியர் 132 பேர் அதில் வேலை செய்தார்கள். நம் நாட்டவரும் இருந்தார்கள். கப்பலில் எழுநூறுக்கு மேற்பட்டோருக்கு நோய் தொற்றியது.

பதினான்கு குழியும் நிரம்பிய மறுநாள் யாரும் வரவில்லை. அறிக்கை வரவில்லையாம். சின்னம்மா பையைத் தேடுவாரோ என்று எனக்கு நெஞ்சு படபடத்தது. அவர் என்னிடம், “போன் பண்ணி எந்தத் திகதி எண்டு கேள் பிள்ளை” என்றார். கேட்டேன். நாளைக்கு என்றார்கள். பதினைந்தாவது கொட்டையைப் பலகையின் ஓரத்தில் வைத்தார்.

மறுநாள் பரிசோதகர் வந்து கடதாசியைக் கிழித்தார். மற்றவர்கள் பெரட்டுக்களத்துக்கு ஓடினார்கள். பீலிக்கு வாளியோடு போன சின்னம்மா ஒரு மணித்தியாலமாகியும் திரும்பவில்லை. தேடிக்கொண்டு இறங்கினால், எதிரே வெறும் வாளியோடு வருகிறார்.

“எங்க சின்னம்மா போனீங்க?”

“சும்மா, ரோட்டு மட்டும் நடந்து பாத்தன்” என்றார்.