எழுத்துகள் ஏன் உருமாறின?

திருத்தணி மலைக்கோயிலுக்கு 365 படிகள். படி ஏறுமுன் நாடித்துடிப்பு எவ்வளவு, ஏறியபின் எவ்வளவு? அவ்வூர் மாணவி ஒருத்தி தோழிகளோடு சேர்ந்து இதை அளந்தாள் என்று வைத்துக்கொள்வோம். நல்ல ஆய்வுதான், இல்லையா?

ஆய்வை வகுப்பில் விளக்க, வீட்டுக் கணினியில் பவர்பாயின்ட் மென்பொருளைக் கொண்டு பத்து ஸ்லைடுகள் தயாரித்தாள். பள்ளிக் கணினியில் இருந்ததோ விலையின்றிக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸ். கோப்பைத் திறந்ததும் திடுக்கிட்டாள். தமிழ்த் தலைப்பு பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தது! வரிகள் கட்டத்துக்கு வெளியே வழிந்தன. என்ன ஆயிற்று?

நண்பர்களே, ஸ்லைடு கோப்பு புகைப்படம் அன்று; சமையல் குறிப்பைப் போன்றது. 'இந்த எண்ணுக்குரிய எழுத்தை, இந்த எழுத்துருவில், இந்த இடத்தில் வை' என்ற கட்டளைகளே அதில் உள்ளன. குறிப்பிட்ட எழுத்துரு அந்தக் கணினியில் இல்லையென்றால், மென்பொருள் வேறொன்றைப் பயன்படுத்தும். அதன் அகலம் வேறு. ஆகவே வரி மடியும் இடமும் மாறிவிடும்.

தலைப்பு உருமாறியது ஏன்? பழைய தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில், ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களிலேயே தமிழ் வடிவங்களைப் பொருத்தியிருந்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினி, அவ்வெண்களை ஆங்கிலமாகவே காட்டும்.

யூனிகோடில் இந்தக் குழப்பம் இல்லை. அதில் தமிழ் 'அ'வின் எண் 2949. தெலுங்கு 'அ'வின் எண் 3077. ஆந்திர எல்லையை ஒட்டிய திருத்தணியில் இரு மொழிப் பேச்சும் காதில் விழும். ஒரே ஸ்லைடில் இரண்டையும் எழுதினாலும் ஒன்று மற்றொன்றாக மாறாது. தமிழக அரசு 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது.

கூகுள் ஸ்லைட்ஸில் பல நண்பர்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து எழுதலாம். ஆனால் இணைய இணைப்பு அறுந்தால் திண்டாட்டம்தான்.

செய்து பாருங்கள்: ஒரே கோப்பை இம்மூன்று மென்பொருள்களிலும் திறந்து, எந்த வரி எங்கே மடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதையே பி.டி.எஃப். கோப்பாக மாற்றித் திறந்து பாருங்கள். எழுத்துருவும் கோப்புக்குள்ளேயே சேர்ந்து வருவதால், பொதுவாக எங்கும் ஒரே மாதிரி தெரியும்.

மாணவியின் கதைக்கு வருவோம். அவள் சாக்பீஸை எடுத்து, துடிப்புகளின் வரைபடத்தைக் கரும்பலகையில் வரைந்தாள். ஏறும்போது கால் தசைகளுக்கு அதிக ஆக்சிஜன் தேவை. அதற்காக இதயம் வேகமாகத் துடிக்கிறது என்று விளக்கினாள். அளவீடுகள் அவள் குறிப்பேட்டில் பத்திரமாக இருந்தன. உங்கள் குறிப்பேட்டில் இருக்கின்றனவா?